பெரிய முதலைக்கு எது: துப்பாக்கியா, கூண்டா?

ஆப்பிரிக்காவில் ஜாம்பியா, ஜிம்பாப்வே எல்லையில் உள்ள கரீபா ஏரியில் மீனவர்களைத் தாக்கும் நைல் முதலையை என்ன செய்வது என்று தடுமாறுபவர்களுக்காக இது.

செலவு: துப்பாக்கி என்றால் தேர்ந்த வேட்டைக்காரர், அனுமதி, படகு. கூண்டு என்றால் இரும்பு, இரை, நிறைய ஆட்கள், அப்புறம் தூக்கிப்போக வண்டி.

உறுதி: முதலையின் மூளை மிகச் சிறியது. குறி சற்றுத் தவறினாலும் காயத்தோடு நீருக்குள் போய்விடும், செத்தாலும் மூழ்கிவிடும். கரையில் வெயில் காயும்போது சுடுவதே சரி, ஆடும் படகிலிருந்து சுடுவதை நான் ஏற்கமாட்டேன். கூண்டில் சிக்கினால் பார்த்து முடிவெடுக்கலாம். ஆனால் முதிர்ந்த முதலை எளிதில் நுழையாது: புருண்டியில் குஸ்தாவ் என்ற ராட்சத முதலைக்கு வைத்த கூண்டில் அது சிக்கவே இல்லை.

ஆளைக் கொன்றது எது என்று தெளிவாகத் தெரிந்தால் துப்பாக்கி. சந்தேகம் இருந்தால் கூண்டுதான். வேறு முதலையைக் கொன்றால் மீனவர்களுக்கு ஆபத்து அப்படியே இருக்கும்.