மோட்டார் மாட்டிய கால் மெஷின்: பல வருட உழைப்புக்கு அப்புறம்

வீட்டுக்குத் தையல் மெஷின் வாங்கப்போவதாக யார் வந்து கேட்டாலும் நான் கறுப்பு இரும்பு மெஷினைத்தான் சொல்கிறேன். பாதிப் பேருக்கு முகம் வாடிவிடும். ஷோரூமில் வெள்ளை பிளாஸ்டிக் உடம்போடு, குமிழைத் திருப்பினால் பூவும் இலையுமாகத் தையல் போடும் மெஷினைப் பார்த்துவிட்டு வந்திருப்பார்கள். நான் தைப்பது ஜாக்கெட், நைட்டி, பிள்ளைகளின் யூனிஃபார்ம், அப்புறம் அக்கம்பக்கத்தார் கொண்டுவரும் ஆல்டரேஷன். இத்தனைக்கும் வேண்டியது ஒரே ஒரு நேர்த் தையல். அதை ஒழுங்காகப் போடுகிற மெஷின் போதும்.

இந்தக் கறுப்பு மெஷினின் அமைப்பு நூறு வருடத்துக்கும் பழையது. சிங்கரின் 15-ஆம் வகை மெஷினின் வழியில் வந்தது. உஷா, மெரிட், சிங்கர் என்று மேலே எந்தப் பெயர் எழுதியிருந்தாலும், சாதாரண வீட்டு மாடல் என்றால் பாபின் (கீழ் நூல் சுற்றும் சின்ன உருளை), அதை வைக்கும் பாபின் கேஸ், ஊசி எல்லாம் பெரும்பாலும் ஒன்றுக்கொன்று பொருந்தும். லூதியானாவில் உதிரிபாகங்களைச் செய்து குவிக்கிறார்கள். சின்ன ஊர் நூல் கடையில்கூட பாபின் கேஸ் கிடைக்கும். எங்கள் மதுரையில் புதுமண்டபத்துத் தூண்களுக்கு நடுவே வரிசையாக உட்கார்ந்து தைத்துக் கொடுத்தவர்கள் ஓட்டியதும் கால் மெஷின்தான். அந்தக் கடைகள் இப்போது குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிவிட்டன.

என் மெஷினில் இத்தனை வருடத்தில் தலைக்குள் இருக்கும் இரும்பு எதையும் மாற்றவில்லை. மாற்றியதெல்லாம் தோல் பெல்ட், பாபின் சுற்றும் இடத்திலுள்ள ரப்பர் வளையம், பாபின் கேஸ், மேல் நூலை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனில் இருக்கும் மெல்லிய ஸ்பிரிங், மோட்டாரின் கார்பன் பிரஷ். எல்லாம் தேய்வதற்கென்றே உள்ள சாமான்கள்.

தொந்தரவு என்று பார்த்தால் முக்கால்வாசி ஊசியில்தான் ஆரம்பிக்கும். பலர் ஊசி உடைந்தால்தான் மாற்றுகிறார்கள். உடையாமலே ஊசி கெட்டுப்போகும். முனை லேசாக மடங்கியிருக்கும், கண்ணுக்குத் தெரியாது. முனையை நகத்தின் மேல் மெல்ல இழுத்துப் பார்த்தால் கீறல் விழும். நல்ல ஊசி வழுக்கிக்கொண்டு போகும். மெஷின் சத்தத்திலும் தெரியும். பாலியெஸ்டர் துணியில் ஒவ்வொரு குத்துக்கும் 'டப், டப்' என்று கேட்டால் ஊசி மழுங்கிவிட்டது என்று அர்த்தம். சாதாரண காட்டனுக்கு 14 அல்லது 16-ஆம் நம்பர் ஊசி, பட்டுக்கும் மெல்லிய லைனிங்குக்கும் 11, ஜீன்ஸுக்கு 18. புதுச் சுங்குடிச் சேலையை வெட்டி நைட்டி தைப்பதாக இருந்தால் முதலில் அலசிக் கஞ்சியை எடுத்துவிடுவேன். துணி சுருங்குவதும் அப்போதே முடிந்துவிடும், ஊசிக்கும் நல்லது.

ஊசி மாட்டுவதில் ஒரு விஷயம். வீட்டு மெஷின் ஊசியின் தண்டு ஒரு பக்கம் தட்டையாக இருக்கும். டெய்லர் கடை பவர் மெஷின் ஊசியின் தண்டு முழு உருண்டை. இரண்டையும் மாற்றி வாங்கிவந்து அவதிப்படுபவர்கள் உண்டு. தட்டைப் பக்கம் வலமா இடமா என்பது மாடலுக்கு மாடல் வேறுபடும். மனப்பாடம் செய்ய வேண்டாம். ஊசியில் நீளமாக ஒரு பள்ளம் ஓடும். நூல் எந்தப் பக்கத்திலிருந்து காதுக்குள் நுழைகிறதோ அந்தப் பக்கம் அந்தப் பள்ளம் இருக்க வேண்டும். எதிர்ப்பக்கம் காதுக்குச் சற்று மேலே சின்னக் குழி ஒன்று இருக்கும். கீழேயிருந்து வரும் ஷட்டிலின் கூர்முனை நூலைப் பிடிப்பது அங்கேதான். ஊசி திரும்பியிருந்தாலோ, முழுக்க மேலே ஏறாமல் இருந்தாலோ அந்த முனைக்கு நூல் சிக்காது, தையல் விட்டுவிட்டு விழும். பக்கத்து வீட்டு அக்காவின் மெஷினைப் பார்த்த ஒரு மெக்கானிக் ஷட்டிலையே மாற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். ஊசியைக் கழற்றிப் புதிதாக ஒன்றைக் கடைசி வரை ஏற்றி முடுக்கினோம். சரியாகிவிட்டது.

அடுத்த புகார், துணிக்கு அடியில் நூல் கொத்துக் கொத்தாகச் சேர்வது. கீழேதானே சிக்குகிறது என்று எல்லாரும் பாபின் கேஸின் திருகைத் திருக ஆரம்பித்துவிடுவார்கள். அப்படிச் செய்யாதீர்கள். அடியில் வளையம் விழுந்தால் கோளாறு மேல் நூலில். துணியை அழுத்தும் பூட்டைத் (பிரஷர் ஃபுட்) தூக்கினால்தான் டென்ஷன் தட்டுகள் விரியும்; கீழே இறக்கி வைத்துக்கொண்டு நூல் கோர்த்தால் தட்டுகளுக்கு நடுவே நூல் போகாமல் மேலோடு நின்றுவிடும். பிடிப்பே இருக்காது. பூட்டைத் தூக்கிவிட்டு முதலிலிருந்து கோர்த்தாலே பத்தில் எட்டுத் தடவை தீர்ந்துவிடும். துணிக்கு மேல் பக்கம் கீழ் நூல் எட்டிப்பார்த்தால் மட்டும் பாபின் கேஸைச் சந்தேகப்படலாம். அப்போதும் முதல் வேலை திருகு அல்ல. கேஸின் தகட்டு ஸ்பிரிங்குக்கு அடியில் பஞ்சுத் துணுக்கு மாட்டியிருக்கும், ஒரு காகித ஓரத்தை நுழைத்து எடுத்துவிட்டுப் பாருங்கள். அப்புறம் நூல் நுனியைப் பிடித்து கேஸைத் தொங்கவிட்டு ஒரு சுண்டு சுண்டுங்கள். கொஞ்சம் இறங்கி நின்றால் சரி. சரசரவென்று தரைக்குப் போனால் தளர்வு, அசையவே இல்லை என்றால் இறுக்கம். திருகைக் கால் சுற்றுக்கு மேல் ஒரே தடவையில் திருப்பாதீர்கள். அது மிகச் சின்னது, கழன்று விழுந்தால் தேடிக் கண்டுபிடிப்பது பெரும்பாடு.

சுத்தம் செய்வது சலிப்பான வேலைதான், ஆனாலும் ஊசித் தட்டைக் கழற்றிப் பார்த்தால் புரியும். இரண்டே திருகு. அடியில், துணியை நகர்த்தும் பற்களின் இடுக்கில், பஞ்சும் எண்ணெயும் சேர்ந்து கம்பளி மாதிரி இறுகிக் கிடக்கும். ஊதினால் வராது, பின் ஊசியால் கெல்ல வேண்டும். அது இருக்கும்வரை பற்கள் முழு உயரத்துக்கு எழாது. துணி நகராது, தையல் பொடிப்பொடியாக விழும், நாம் மெஷினுக்கு வயதாகிவிட்டது என்போம்.

எண்ணெய் விஷயத்தில் நான் கறார். மெஷின் எண்ணெய் மட்டும்தான். அவசரத்துக்குத் தேங்காய் எண்ணெய் விட்ட மெஷினை இரண்டு மூன்று வீட்டில் பார்த்திருக்கிறேன். நாளடைவில் பிசின் போல ஒட்டி, சக்கரத்தைக் கையால் திருப்பவே முடியவில்லை. மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்துத் துடைத்து, மறுபடி மெஷின் எண்ணெய் விட்டபிறகுதான் இளகியது. தலையைப் பின்னால் சாய்த்து அடியிலுள்ள மூட்டுகளுக்கும், மேலே உள்ள துளைகளுக்கும், ஷட்டிலுக்கும் ஒரு சொட்டு. நூலைக் கழற்றி, பூட்டைத் தூக்கிவைத்துக் கொஞ்ச நேரம் ஓட்டிவிட்டு, கிழிசல் துணியில் நாலு வரி அடித்தபின் நல்ல துணியைத் தொடலாம். வெள்ளை யூனிஃபார்மில் எண்ணெய்க் கறை பட்டால் வாங்கிக்கட்டிக்கொள்ளப் போவது நாம்தான்.

மோட்டார் பிறகு மாட்டியது. நைட்டியின் நீளமான ஓரங்களுக்கு அருமை, கழுத்து வளைவுக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. மெதுவாக ஓட்டும்போது திணறி, திடீரென்று பாயும். அதனால் கழுத்துக்கும் கைக்குழிக்கும் இன்றும் காலால்தான் மிதிக்கிறேன். மோட்டாரில் ஓட்டும்போது தோல் பெல்ட்டைச் சக்கரத்திலிருந்து இறக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் கீழேயுள்ள பெரிய சக்கரத்தையும் சேர்த்துச் சுற்றி மோட்டார் சூடாகும். கரண்ட் போனால் பெல்ட்டை ஏற்றிக்கொள்ளலாம், வேலை நிற்காது. புதிதாக மிதிக்கப் பழகுபவர்கள் சக்கரம் தங்களை நோக்கிச் சுழல்கிறதா என்று மட்டும் கவனியுங்கள். எதிர்ப்பக்கம் சுழன்றால் நூல் ஷட்டிலில் சிக்கி அறுந்துவிடும்.

குறைகள் இல்லாமல் இல்லை. ஜிக்ஜாக் கிடையாது, ஓரம் பிசிறும் துணிக்கு ஓவர்லாக் கடைக்குப் போகத்தான் வேண்டும். காஜாவைக் கையால் எடுக்க வேண்டும். பனியன் துணி இதில் ஒத்துவராது; தைத்தாலும், இழுத்தவுடன் தையல் தெறிக்கும். பிள்ளைகளுக்கு டி-ஷர்ட்டாகத் தைக்கப்போகிறீர்கள் என்றால் பேசாமல் ஜிக்ஜாக் மெஷினே வாங்குங்கள், நான் தடுக்கமாட்டேன். எடையும் அதிகம். ஸ்டாண்டோடு மாடிக்கு ஏற்றுவதற்கு இரண்டு ஆள் வேண்டும், வாடகை வீடு மாறும்போதெல்லாம் வீட்டுக்காரர் முணுமுணுக்கிறார்.

பழைய மெஷின் வாங்குபவர்கள் பெயின்ட்டைப் பார்க்காதீர்கள். சக்கரத்தைக் கையால் ஒரு முழுச் சுற்று திருப்புங்கள், எங்கேயும் இடறக் கூடாது. ஊசிக் கம்பியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டுங்கள். ஆட்டம் தெரிந்தால் உள்ளே தேய்ந்திருக்கிறது, விலை குறைத்தாலும் வேண்டாம். கடைக்காரர் அடித்துக் காட்டும் துணி மொடமொடப்பான காட்டனாக இருக்கும், அதில் எந்த மெஷினும் அழகாகத் தைக்கும். வீட்டிலிருந்து ஜாக்கெட் லைனிங் துணுக்கு ஒன்றும் பழைய ஜீன்ஸ் துண்டு ஒன்றும் எடுத்துக்கொண்டு போங்கள். துணிக்கேற்ற ஊசியை மாற்றி, இரண்டிலும் அடிக்கச் சொல்லுங்கள்.