யூரியா லோஷனுக்கு நூறு மார்க், பாட்டிலுக்கு முட்டை

ஃபார்மசியில் 10 சதவீத யூரியா லோஷன், பெரிய பம்ப் பாட்டில், விலை குறைத்துப் போட்டிருக்கிறார்கள். ஆபீஸ் தங்கை ஒருத்தி அதைப் படம் எடுத்து அனுப்பி, "அக்கா, உங்க மகளுக்குத் தடவுறது இதுதானே? நம்பி வாங்கலாமா?" என்று கேட்டிருக்கிறாள். அவள் பையனுக்கு மூன்று வயது. மேற்கையிலும் கன்னத்திலும் சொரசொரவென்று பொரிந்திருக்கிறதாம். வாங்கு என்றோ வேண்டாம் என்றோ ஒரு வரியில் சொல்ல எனக்கு வரவில்லை. இந்த லோஷனோடு நாங்கள் குடும்பம் நடத்த ஆரம்பித்து இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிறது. மனத்தாங்கல் இல்லாமலா இருக்கும்?

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். பாட்டில் பேச்சை எடுத்துவிட்டால் அப்புறம் எனக்குப் பொறுமை இருக்காது.

லோஷன் வேலை செய்கிறது. என் மகளுக்கு மேற்கையின் வெளிப்பக்கம் முழுக்க உரித்த கோழித்தோல் போல இருந்தது. ஒவ்வொரு மயிர்க்காலிலும் ஒரு பொடிக் குருணை. கண்ணுக்குத் தெரிவதைவிடக் கைக்குத்தான் அதிகம் தெரியும். தொடையின் முன்பக்கமும் அப்படித்தான். பெரிதாக அரிப்பு கிடையாது, வலி கிடையாது, அவள் அதைச் சட்டையே செய்யவில்லை. பார்க்கிற பெரியவர்களுக்குத்தான் கை சும்மா இருக்காது, தடவிப் பார்த்து "என்னம்மா இது" என்பார்கள். தினமும் குளித்ததும் தடவி வந்ததில் சில வாரங்களில் நெருடல் பாதிக்கு மேல் அடங்கியது. சிவப்பு மட்டும் முழுசாகப் போகவில்லை. ஊருக்குப் போன இடத்தில் ஒரு வாரம் விட்டுவிட்டால் குருணை திரும்ப எட்டிப் பார்க்கும். இது குணமாக்குகிற மருந்து இல்லை, அடக்கிவைக்கிற மருந்து. அதைத் தெரிந்துகொண்டு வாங்கினால் ஏமாற்றம் இருக்காது.

டாக்டர் இதற்குச் சொன்ன பெயர் கெரட்டோசிஸ் பைலாரிஸ். தோலில் இயல்பாகவே இருக்கிற கெரட்டின் என்ற புரதம் மயிர்க்காலின் வாயில் திரண்டு அடைத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். ஒட்டுவாரொட்டி இல்லை. ஆபத்தும் இல்லை. பலருக்கு வயது ஏறும்போது தானாகக் குறைந்துவிடும்.

அன்றைக்கு அந்த அறையில் நடந்ததைச் சொல்லாமல் போனால் எனக்கு மனம் ஆறாது. மகளைப் பார்த்து முடித்த டாக்டர் என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பி, "சட்டைக் கையைக் கொஞ்சம் தூக்குங்க" என்றார். தூக்கினால் அவருக்கும் அதே பொரி. இத்தனை வருடம் நான் அதைக் கவனித்ததே இல்லை. அடுத்து உள்ளங்கையை விரிக்கச் சொல்லி, விளக்கு வெளிச்சத்தில் இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்தார். கூட வந்திருந்த அத்தைக்கு முகமெல்லாம் மலர்ச்சி. "ஆயுசு எப்படி இருக்கு டாக்டர்?" என்று கேட்டேவிட்டார். டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு விளக்கினார். உள்ளங்கையில் ரேகைகள் வழக்கத்தைவிட நிறைய, ஆழமாக ஓடினால், அது பிறவியிலேயே வறண்ட தோல் என்பதற்கு ஒரு அடையாளமாம். ஃபிலாக்ரின் என்ற புரதம் சரியாக உற்பத்தியாகாதவர்களுக்கு அப்படி இருக்கும். அதற்கான மரபணு மாற்றங்களை 2006இல் ஸ்காட்லாந்தின் டண்டி பல்கலைக்கழக ஆய்வாளர்கள்தான் மற்ற நாட்டு ஆய்வாளர்களோடு சேர்ந்து கண்டுபிடித்தார்கள். தோலின் மேலடுக்கு ஈரத்தைப் பிடித்துவைக்க இந்தப் புரதம் வேண்டும். இல்லாதபோது நாம் வெளியிலிருந்து ஈரத்தைக் காப்பாற்றிக் கொடுக்க வேண்டியிருக்கிறது. அத்தைக்கு விளக்கம் ரொம்பப் பிடித்தது. தன் மகன் வழியாக வந்தது என்ற இடம் மட்டும் பிடிக்கவில்லை.

அதுவரை அத்தையின் வைத்தியம் பீர்க்கங்காய் நாரும் பயத்தமாவும். அழுக்கு அடைத்திருக்கிறது, அழுத்தித் தேய்த்தால் போய்விடும் என்பது அவர் கட்சி. தேய்க்கத் தேய்க்கக் குருணை போகாது. தோல்தான் சிவந்து எரியும். தேங்காய் எண்ணெய் வைப்பதை டாக்டர் தடுக்கவில்லை, குளித்த ஈரத்தோடு தடவச் சொன்னார். யூரியா செய்கிற வேலை வேறு. தோலில் இயல்பாகவே உள்ள ஈரங்காக்கும் பொருள்களில் யூரியாவும் ஒன்று. 10 சதவீதம் வாக்கில் அது தண்ணீரை இழுத்துப் பிடித்துவைக்கும், திரண்ட கெரட்டினையும் கொஞ்சம் இளக்கும். 40 சதவீதம் என்றால் தடித்த நகத்தையே கரைக்கப் பயன்படுத்துகிற வீரியம். ஆகவே வாங்கும்போது பாட்டிலில் போட்டிருக்கும் எண்ணைப் பாருங்கள். பெரியவர்கள் பாதவெடிப்புக்கு வாங்கும் 20, 25 சதவீதத்தைப் பிள்ளைக்குப் பூசாதீர்கள்.

"கோலாலம்பூர் புழுக்கத்தில் தோல் எப்படிம்மா வறளும்?" என்று செந்தூலில் எங்கள் மாடியில் எல்லாரும் கேட்டாகிவிட்டது. வெளியே புழுக்கம்தான். பிள்ளை எங்கே வெளியே இருக்கிறாள்? பாலர் பள்ளியில் ஏர்கோன், காரில் ஏர்கோன், ராத்திரி முழுக்க அறையில் ஏர்கோன். எங்கள் வீட்டில் 18இல் வைத்தால்தான் ஒருவருக்குத் தூக்கம் வரும். யார் என்று சொல்ல மாட்டேன், உள்ளங்கையில் நிறைய ரேகை உள்ளவர்.

சரி, பாட்டிலுக்கு வருகிறேன்.

லோஷன் என்று பெயர்தானே தவிர, கெட்டியான சரக்கு. பம்பின் குழாய் பாட்டிலுக்கு நடுவில் நேராக இறங்குகிறது. ஒவ்வொரு அழுத்தத்துக்கும் அது தன்னைச் சுற்றி இருப்பதை மட்டும் உறிஞ்சும். தண்ணியான சரக்காக இருந்தால் ஓரத்தில் இருப்பது வழிந்து நடுவுக்கு வந்துவிடும். இது வராது. சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே நிற்கும். நடுவில் பள்ளம் விழுந்து குழாய் காற்றைக் குடிக்க ஆரம்பிக்கும். ஏர்கோன் அறையில் வைத்திருந்தால் இன்னும் மோசம், குளிரில் இறுகிவிடுகிறது. பாட்டில் கண்ணாடி நிறத்தில் இருந்தாலாவது எவ்வளவு மிச்சம் என்று பார்க்கலாம். அதுவும் பால் வெள்ளை. தூக்கினால் கனக்கிறது, அழுத்தினால் "புர்ர்". என் மகளுக்கு இந்த லோஷனில் மிகப் பிடித்த அம்சமே அந்தச் சத்தம்தான்.

இது நடக்கும் நேரத்தையும் யோசித்துப் பாருங்கள். ஈரத்தை ஒற்றி எடுத்த கையோடு, குளித்த மூன்று நிமிடத்துக்குள் தடவினால்தான் முழுப் பலன். வேன்காரர் கீழே ஹாரன் அடிக்கிறார். துண்டைச் சுற்றிக்கொண்டு பிள்ளை நிற்கிறாள். நான் பம்பை அழுத்துகிறேன், ஒன்றும் இல்லை. இன்னொரு தடவை, ஒன்றும் இல்லை. நேற்றைய சொட்டு மூக்கு நுனியில் காய்ந்து அடைத்திருக்கிறது. கோபத்தில் ஓங்கி ஒரு அழுத்து அழுத்தினால் அடைப்பு விட்டு, லோஷன் பக்கவாட்டில் பீய்ச்சி அலமாரிக் கண்ணாடியில் போய் ஒட்டுகிறது. கண்ணாடியில் இருப்பதை வழித்துத் தடவ மனசு வராது. தடவியதும் உண்டு.

தலைகீழாக நிறுத்தலாம் என்றால் பம்ப் இருக்கும்போது நிற்காது. பம்பைக் கழற்றினால் மூட மூடி இல்லை. போன மாதம் பாட்டில் மறுபடி "புர்ர்" என்றதும் வீட்டுக்காரர் பேசாமல் எழுந்து போய், பால்கனியில் தேங்காய் வெட்ட வைத்திருக்கும் பாராங் கத்தியை எடுத்து வந்தார். பழைய தினசரியை விரித்துப் பாட்டிலைப் படுக்கவைத்து, தோளுக்குக் கீழே ஒரே போடு. உள்ளே சுவரெல்லாம் அப்பிய வெள்ளை, நடுவில் குழாய் நின்ற இடத்தில் குழி. வழித்தெடுத்து அடுக்களைத் தராசில் வைத்தேன். 500 கிராம் பாட்டிலில் 90 கிராமுக்குக் கொஞ்சம் கூடவே மிச்சம். ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு! இது தெரியாமல் எத்தனை பாட்டிலைக் குப்பைக்கு அனுப்பினோமோ.

நிறுவனத்துக்கு மின்னஞ்சல் போட்டேன். "சுகாதாரம் கருதியே பம்ப் பொருத்தியுள்ளோம்" என்று பதில் வந்தது. நியாயமாகப் பேசினால் அது உண்மைதான். வாயகன்ற டப்பாவில் விரலை விட்டு எடுத்தால் விரலில் உள்ள கிருமி உள்ளே போகும். அதனால்தான் டப்பா என்றால் சுத்தமான கரண்டியால் எடுக்கச் சொல்கிறார்கள். ஆனால் பாராங்கால் வெட்டிய பாட்டிலில் என்ன சுகாதாரம் இருக்கிறது, அதற்குப் பதில் இல்லை.

இதில் பணம் இல்லை என்றால் நான் இவ்வளவு கத்த மாட்டேன். வறண்ட தோலுக்குத் தொட்டும் தொடாமலும் பூசுவதில் பயன் இல்லை, தாராளமாகப் பூச வேண்டும். தோல் வறண்டு சிவந்து அரிக்கும் எக்ஸிமா உள்ள பிள்ளைகளுக்கு வாரத்துக்கு 250 முதல் 500 கிராம் வரை கொடுக்கலாம் என்று பிரிட்டனில் டாக்டர்களுக்கு வழிகாட்டும் நைஸ் (NICE) அமைப்பு சொல்கிறது. எங்களுக்கு அவ்வளவு ஆகாது. ஆகிற வீடுகளில் இந்தப் பம்ப் என்ன பாடு படுத்தும்!

எக்ஸிமா என்றதும் ஞாபகம் வருகிறது. மகளுக்கு முழங்கால் மடிப்பில் ஒரு திட்டு உண்டு. அது வேறு கதை, அங்கே அரிக்கும், சொறிந்தால் வெடிக்கும். யூரியா அதில் பட்டால் அழுகைதான். வெடித்த தோலில் யூரியா எரியும் என்று பாட்டிலிலேயே பொடி எழுத்தில் போட்டிருக்கிறது. அந்த இடத்துக்கு அரசாங்கக் கிளினிக்கில் 1 ரிங்கிட் கட்டிப் பார்த்தபோது கொடுத்த கெட்டியான களிம்பு. சிவந்து வரும் நாட்களில் மட்டும் டாக்டர் எழுதிக் கொடுத்த ஸ்டீராய்டு, அதுவும் சொன்ன நாள் வரைதான். அதே கிளினிக்குகளில் தரும் அக்குவஸ் கிரீமைச் சிலர் நாள் முழுக்கத் தோலில் விட்டுவைக்கிறார்கள். பிரிட்டிஷ் முறைப்படி செய்யும் அந்த கிரீமில் சோடியம் லாரில் சல்பேட் என்ற நுரைக்கும் பொருள் உண்டு, எக்ஸிமா பிள்ளைகளுக்கு அது எரிச்சல் தரலாம் என்று அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே 2013இல் எச்சரித்தது. சோப்புக்குப் பதிலாகத் தேய்த்துக் கழுவுவதற்கு என்றால் பரவாயில்லை.

இன்னொன்று, தீபாவளிக்கு மத்தாப்பு கொளுத்தும்போது களிம்பு ஊறிய சட்டையைப் பிள்ளைக்குப் போடாதீர்கள். இந்த மாதிரிக் களிம்பு, கிரீம் எல்லாம் துணியில் ஊறி உலர்ந்திருந்தால் தீ வேகமாகப் பிடிக்கும். இதுவும் அதே பிரிட்டிஷ் அமைப்பு 2018இல் சொன்ன எச்சரிக்கைதான். பாசார் மாலாம் என்கிற இரவுச் சந்தையில் "ரெண்டே நாளில் தோல் பளிங்கு" என்று விற்கிற பெயரில்லாத டப்பாக்களைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. ஸ்டீராய்டும் பாதரசமும் கலந்த கிரீம்களை நம் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அவ்வப்போது பெயர் போட்டு வெளியிட்டுக்கொண்டே இருக்கிறது.

வாசனை இல்லை, அது நல்லது. பிசுபிசுப்பு கொஞ்சம் உண்டு. பள்ளிச் சீருடை கையில் ஒட்டும். அதையெல்லாம் நான் குறையாகவே எடுத்துக்கொள்ளவில்லை.

ஆக, தங்கைக்கு என் பதில்: வாங்காதே. லோஷன் நல்ல லோஷன், என் மகள் கையே சாட்சி. ஆனாலும் அந்தப் பம்ப் பாட்டிலை எவ்வளவு விலை குறைத்தாலும் வாங்காதே. ஐந்தில் ஒரு பங்கை உள்ளேயே வைத்துக்கொண்டு பத்து ரிங்கிட் தள்ளுபடி தருவது தள்ளுபடியே இல்லை. அதே 10 சதவீதம் ட்யூபிலும் வருகிறது. கிராம் கணக்குப் பார்த்தால் ட்யூப்தான் விலை கூட, தெரியும். கடைசி வரை பிதுக்கலாம், வேன் வரும் நேரத்தில் சண்டை இல்லை. வீட்டுக்காரர் மட்டும் இதற்கு உடன்பட மாட்டார். பாராங் இருக்கும்போது ட்யூப் எதற்கு என்பது அவர் வாதம், தள்ளுபடியில் அவர் இரண்டு பாட்டில் வாங்கி வந்தும் விட்டார்.

பையனின் கன்னத்துக்கு மட்டும் யூரியா வேண்டாம், முகத்துத் தோல் மெல்லியது, கண்ணில் பட்டாலும் எரியும். அங்கே வாசனையில்லாத சாதாரண மாய்ஸ்சரைசர் போதும். கை மடிப்பில் அரிப்பும் இருக்கிறது என்றால் எதையும் வாங்குவதற்கு முன்னால் ஒரு டாக்டரிடம் காட்டிவிடு. போகும்போது அவன் அப்பாவையும் கூட்டிக்கொண்டு போ.