முட்டை ஒட்டுண்ணி அட்டை: வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

பயிரைத் தாக்கும் புழுக்களை முட்டையிலேயே அழிக்கும் டிரைக்கோகிரம்மா என்னும் நுண்குளவியைச் சுமந்து வரும் முட்டை ஒட்டுண்ணி அட்டை, புட்டியில் அடைத்த மருந்தைப் போல அலமாரியில் காத்துக் கிடக்காது. கார்சைரா அந்துப்பூச்சியின் முட்டைகளை அட்டையில் ஒட்டி, அவை பொரிந்து புழுவாகாதபடி புற ஊதாக் கதிரில் காட்டி, அரை மில்லிமீட்டர் அளவே உள்ள குளவிகளை அவற்றுக்குள் முட்டையிடவிட்டு இதைத் தயாரிக்கிறார்கள். ஒட்டுண்ணி புகுந்த முட்டை சில நாட்களில் கறுத்துவிடும் என்பதால், அட்டை சீராகக் கறுத்திருக்கிறதா என்பதையே முதலில் பார்க்க வேண்டும். நான் பயன்படுத்திய அட்டை இதில் குறைவைக்கவில்லை. குளவி வெளிவரும் நாளை உறையின் மேலேயே அச்சிட்டிருந்தது அதைவிடப் பெரிய நன்மை. அந்த நாள் குறிக்கப்படாத அட்டையை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்க மாட்டேன்.

இக்குளவி அழிப்பது முட்டைப் பருவத்தை மட்டுமே. காய்க்குள் புழு குடைந்து போன பிறகு அட்டை கட்டிவிட்டுப் பலனில்லை என்று சொல்வோர் பலர். அது அட்டையின் குற்றமன்று. பெண் பூச்சியின் மணத்தைக் காட்டி ஈர்க்கும் இனக்கவர்ச்சிப் பொறியில், பயிரைத் தாக்கும் புழுவின் ஆண் அந்துப்பூச்சிகள் விழத் தொடங்கியதும் அட்டையைத் துண்டுகளாக்கி, மாலை வேளையில், வயலில் பரவலாக இலைகளின் அடிப்புறத்தில் பொருத்த வேண்டும். குளவி வெகுதூரம் பறக்காது, சில நாட்களே வாழும். ஆகவே ஒரு மூலையில் மொத்தமாகக் கட்டுவதும், ஒரே தடவையோடு நிறுத்துவதும் வீண். பூச்சிக்கொல்லி தெளித்த ஈரம் காயாத வயலில் விட்டால் பயிரின் எதிரிகளுக்கு முன்பாக இவையே மடியும். ஒரு சிறு துண்டை மூடிய கண்ணாடிக் குப்பியில் தனியே வைத்துக்கொண்டால், குறித்த நாளில் எத்தனை முட்டைகளில் குளவி வெளியேறிய துளை விழுந்திருக்கிறது என்று உருப்பெருக்கியில் பார்த்து, வந்த சரக்கின் தரத்தை நாமே மதிப்பிடலாம்.

குறை செய்முறைக் குறிப்பில்தான் இருக்கிறது. எறும்புகள் அட்டை முட்டைகளைத் தின்றுவிடும் என்ற எச்சரிக்கை அதில் இல்லை. மேலும், 'எல்லாப் புழுக்களையும் கட்டுப்படுத்தும்' என்று உறையில் போட்டிருப்பதை ஏற்க முடியாது. வெட்டுப்புழுவின் தாயான புரோடீனியா அந்துப்பூச்சி தன் முட்டைக் குவியலை மயிர்ச்செதில்களால் மூடிவிடுவதால், அங்கே இக்குளவியின் வேலை அரைகுறையாகவே நடக்கும். தனித்தனியாக முட்டையிடும் பச்சைக் காய்ப்புழுவே முதன்மைத் தொல்லையாக உள்ள வயலுக்கு இதைத் தயங்காமல் வாங்கலாம்.