போஸ்ட்கிரெஸில் நேரம்: பல வருடங்களாகப் பயன்படுத்தியும் ஆறாத ஒரு கோபம்

மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸில் டைம்ஸோன் தொல்லை தாங்கவில்லை, இன்னொரு டேட்டாபேஸான போஸ்ட்கிரெஸுக்கு மாறிவிடலாமா என்று நண்பர் கேட்டார். போஸ்ட்கிரெஸில் நேரத்தைச் சேமிக்கும் டைம்ஸ்டாம்ப்டிஇஸட் வகை அவருக்கும் தெரியும்: உள்ளே யூடிசி என்ற உலகப் பொது நேரம், வெளியே செஷனின் (அதாவது அப்போதைய இணைப்பின்) டைம்ஸோன். அதனால் நேராக என் கோபத்துக்கு வருகிறேன்.

ஐஎஸ்டி. நமக்கு அது இந்திய நேரம். ஆனால் எந்த செட்டிங்கையும் மாற்றாத போஸ்ட்கிரெஸில் 'காலை 10:00 ஐஎஸ்டி' என்று ஒரு பதிவு வந்தால் அது இஸ்ரேல் நேரம். எர்ரர் இல்லை, எச்சரிக்கையும் இல்லை. சென்னை நேரத்தில் எடுத்துப் பார்த்தால் பிற்பகல் 1:30 என்று நிற்கும். இரவு எட்டரைக்கு மேல் போட்ட பில்லெல்லாம் மறுநாள் கணக்கில் ஏறிவிடும். 17ஆம் பதிப்பு வரை, செஷனை இந்திய நேரமான ஏஷியா/கொல்கத்தா என்று வைத்திருந்தாலும் இதே நிலைதான். எந்தச் சுருக்கம் எந்த நேரம் என்று சொல்லும் டைம்ஸோன்_அப்ரிவியேஷன்ஸ் செட்டிங்கை 'இந்தியா' என்று மாற்றினால் சரியாகும், ஆனால் அப்படி ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியாது.

18ஆம் பதிப்பில் செஷனின் டைம்ஸோன் வைத்திருக்கும் சுருக்கத்தையே முதலில் பார்க்கிறார்கள். நல்ல மாற்றம், பாராட்டுகிறேன். ஆனால் செஷனை யூடிசியில் வைத்துத்தானே நிறையப் பேர் அப்ளிகேஷன் எழுதுகிறோம்? அங்கே இன்னமும் இஸ்ரேல்தான்.

அப்புறம் '+05:30'. தரவோடு வந்தால் யூடிசிக்கு ஐந்தரை மணி நேரம் முன்னால், நேரத்தை வேறு டைம்ஸோனுக்கு மாற்றும் அட் டைம்ஸோனுக்குக் கொடுத்தால் அதே அளவு பின்னால். போசிக்ஸ் என்ற யூனிக்ஸ் தரநிலையின் வழக்கம் என்று ஆவணத்தில் எழுதியிருக்கிறார்கள். இருக்கட்டும், ஒரே எழுத்துக்கு எதிரெதிரான இரண்டு அர்த்தம் எந்த வகையில் நியாயம்?

மனம் குளிர்ந்த இடமும் உண்டு. இலங்கையின் நேரம் 1996 மே மாதம் யூடிசிக்கு ஆறரை மணி நேரம் முன்னால் போனது, அக்டோபரில் ஆறுக்கு வந்தது, 2006 ஏப்ரலில் மறுபடி ஐந்தரை. கொழும்புக் கடையொன்றின் பழைய விற்பனைப் பதிவுகளை ஏற்றும்போது ஏஷியா/கொழும்பு என்று மட்டும்தான் சொன்னேன். 2005 பதிவுகளுக்கு ஆறு மணி நேரம், 2007க்கு ஐந்தரை என்று தானே பிரித்து எடுத்துக்கொண்டது. ஒரு நிபந்தனை வரிகூட எழுதவில்லை. அன்று இதைச் செய்தவர்களைக் கும்பிடத் தோன்றியது.

மைஎஸ்க்யூஎல்லின் டைம்ஸ்டாம்ப் 2038 ஜனவரி 19உடன் நின்றுவிடும், டைம்ஸோன் அட்டவணைகளை ஏற்றாவிட்டால், டைம்ஸோனைப் பெயரால் கேட்கும்போது அதன் நேரம் மாற்றும் ஃபங்ஷனான கன்வெர்ட்_டிஇஸட் பேசாமல் NULL (வெற்று மதிப்பு) தரும். அதையும் நண்பரிடம் சொன்னேன்.

ஆனாலும் நேரத்துக்காக மட்டும் மாறாதீர்கள் என்றுதான் முடித்தேன். ஐஎஸ்டி என்று போட்ட ஃபைல்கள் அவருக்குத் தினமும் வருகின்றன.