கதவில் மாட்டும் தோள்பட்டைக் கப்பி: வாங்கலாமா?

ஃப்ரோசன் ஷோல்டருக்கு (தோள் மூட்டு வலித்து இறுகிப்போகும் நோய்) நல்ல கருவிதான், ஆனால் வலி உச்சத்தில் இருக்கும்போது வேண்டாம். இறுக்கம் மட்டும் மிஞ்சிய பிறகு வாங்குங்கள். மூட்டு உறை தடித்துச் சுருங்கியிருக்கிறது, வெடுக்கென்று இழுத்தால் இரவுத் தூக்கம் போய்விடும்.

கதவு மறுபக்கம் திறக்கும்படி உட்கார்ந்து, தாழ் போடுங்கள். இல்லாவிட்டால் கதவில் மாட்டிய நாடா கழன்று கப்பி தலையில் விழும். நல்ல கை கயிற்றை இழுக்க, இறுகிய கை தளர்வாக மேலே போகட்டும். தோள் காதை நோக்கி ஏறினால் அதுதான் எல்லை. 5 விநாடி நிறுத்துங்கள், 10 முறை, தினமும் 2 வேளை. வெந்நீர் ஒத்தடம் கொடுத்துவிட்டுச் செய்தால் சுலபம்.

பெரிய குறை, கையை வெளிப்பக்கம் திருப்பும் அசைவுக்கு இது உதவாது. அதிகம் பூட்டிக்கொள்வதோ அதுதான்! இறுகிய கையின் முழங்கையை விலாவோடு ஒட்டி, குடைக்கம்பால் அந்தக் கையை வெளிப்பக்கம் தள்ளுங்கள். அதற்குச் செலவே இல்லை.