வருடத் திட்டத்துக்கு மொத்தமாகப் பணம் கட்டிவிடாதீர்கள்

12 மாதப் பணம். ஒரே தடவையில் கொடுத்தேன், திரும்ப வராது என்று நேற்றுச் சொல்லிவிட்டார்கள். கை இன்னும் நடுங்குகிறது. வீட்டுக்கு இணைய இணைப்பு எடுக்கப் போகிறவர்கள் தயவுசெய்து படியுங்கள்.

கட்டடம் கட்டடமாகக் கம்பி இழுத்து இணைப்பு கொடுக்கும் சிறு நிறுவனம் அது. அவர்களுடைய ஆள் வீட்டு வாசலுக்கே வந்தார். 300 எம்பிபிஎஸ் (இணைய வேகத்தின் அளவு) ஃபைபர், அதாவது கண்ணாடி இழைக் கம்பி, அன்லிமிடெட், ரவுட்டர் இலவசம். ஆனால் 12 மாதத்துக்கும் சேர்த்துக் கட்ட வேண்டும். மூன்று மாதம் கட்டிப் பார்க்கிறேனே தம்பி என்றேன். "சார், முதலில் இணைப்பைக் கொடுத்துவிடுகிறோம். வேகத்தை நீங்களே பாருங்கள், பிடித்தால் பணம் கொடுங்கள்" என்றார். இப்படிப் பேசுகிறவரை எப்படிச் சந்தேகப்படுவது?

மறுநாளே கம்பி இழுத்து ரவுட்டரை மாட்டினார்கள். அவர் கூடத்தில் நின்று தன் போனில் ஸ்பீட் டெஸ்ட் போட்டு, திரையை என் பக்கம் திருப்பினார். 287. கண்ணால் பார்த்தேன். அங்கேயே, அவர் எதிரிலேயே, 12 மாதப் பணத்தையும் அனுப்பினேன்.

முதல் வாரமே மாலையில் வீடியோ அழைப்புகள் உறைந்து நிற்க ஆரம்பித்தன. சேவை மையத்துக்குப் போன் செய்தால், "ரவுட்டரை அணைத்து இரண்டு நிமிடம் கழித்துப் போடுங்கள்." போட்டேன். அப்புறம் "உங்கள் போன் பழசாக இருக்கும்." அப்புறம் "சுவர் தடுக்கும் சார், வைஃபை அப்படித்தான்." சுவர் வைஃபையைத் தடுக்கும், அது உண்மைதான். அதனால் லேப்டாப்பை லேன் கேபிளில் நேராக ரவுட்டரோடு இணைத்து, நான்கு நாள் வெவ்வேறு நேரத்தில் அளந்தேன். விடியற்காலையில் 94. ஒருநாளும் அதைத் தாண்டவில்லை. மாலையில் 6, 7.

மூன்று புகாருக்குப் பிறகு வந்த டெக்னீஷியன்தான் உண்மையைச் சொன்னார். ஃபைபர் கட்டடத்தின் கீழே இருக்கும் சுவிட்ச் (இணைப்பைப் பல வீடுகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) வரைதான் வருகிறதாம். அங்கிருந்து எல்லா வீட்டுக்கும் சாதாரண லேன் கம்பி. அந்தச் சுவிட்சில் கம்பியைச் செருகும் போர்ட் 100 எம்பிபிஎஸ் வகை. "இதில் 300 எப்படி சார் வரும்? 94, 95தான் உச்சம்."

அப்படியானால் அந்த 287? அன்று இரவு யோசித்துப் பார்த்தபோதுதான் உறைத்தது. அவர் வைஃபை பாஸ்வேர்டைக் கேட்கவே இல்லை, போனில் அதைத் தட்டவும் இல்லை. தன் மொபைல் டேட்டாவின் வேகத்தைத்தான் எனக்குக் காட்டியிருக்கிறார்!

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். வருடத் திட்டத்துக்குக் கிடையாதாம். விதிமுறையில் "300 வரை" என்றுதான் போட்டிருக்கிறதாம். வந்தவர் தங்கள் ஊழியரே இல்லை, ஏஜென்ட்டாம். அந்த ஏஜென்ட் என் எண்ணை எடுப்பதில்லை. மனைவியின் போனிலிருந்து அழைத்தேன், எடுத்தார். என் குரலைக் கேட்டதும் வைத்துவிட்டார். 12 மாதப் பணத்தை வாங்கிக்கொண்டவர்! புகார் எண்களுக்கெல்லாம் "தீர்க்கப்பட்டது" என்று குறுஞ்செய்தி வந்துவிட்டது. அன்லிமிடெட்டும் பொய்தான்; குறிப்பிட்ட அளவு தாண்டியதும் 2 எம்பிபிஎஸ்ஸுக்கு இறங்கிவிடுகிறது.

எப்படித் தேர்ந்தெடுப்பது என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது பொறுமை இல்லை. இவ்வளவுதான்: மாதா மாதம் கட்டுங்கள். ஃபைபர் வீட்டுக்குள் வருகிறதா, கீழேயே நின்றுவிடுகிறதா என்று கேளுங்கள். வேகத்தை உங்கள் கருவியில், கேபிள் போட்டு, மாலை நேரத்தில் நீங்களே அளந்து பாருங்கள். எம்பிபிஎஸ் என்பது மெகாபிட். 8-ஆல் வகுத்தால்தான் மெகாபைட், 100 என்றால் நொடிக்கு 12.5தான். டேட்டா அளவு தாண்டினால் என்ன வேகம் என்று எழுத்தில் வாங்குங்கள்.

நான்கு நாள் எடுத்த ஸ்பீட் டெஸ்ட் படங்களும் ரசீதும் என்னிடம் இருக்கின்றன. நாளை எழுத்துமூலம் புகார் கொடுக்கிறேன். 12 மாதப் பணம், சும்மா விடுவதாக இல்லை.