பினோலேயா, கோஃபியோவா?

மக்காச்சோளத்தை வறுத்து அரைத்த மாவுக்கு மெக்சிகோவில் பினோலே என்று பெயர். ஆப்பிரிக்கக் கரைக்கு எதிரே இருக்கும் கேனரி தீவுகளில் அதுவே கோஃபியோ. நம்மூர் சத்துமாவு மாதிரிதான், ஆனால் இதைக் காய்ச்சக்கூட வேண்டாம். வறுக்கும்போதே வெந்துவிடுவதால் தண்ணீரோ பாலோ ஊற்றிக் கலக்கினால் போதும்.

பினோலே வழிநடைக்கு ஏற்ற மாவு. வட மெக்சிகோவின் சிவாவா மலைகளில் வாழும் ராராமுரி பழங்குடி மக்கள் நெடுந்தொலைவு ஓடுவதற்குப் பேர்போனவர்கள். மாவைப் பையில் எடுத்துக்கொண்டு, தண்ணீர் கிடைத்த இடத்தில் கலக்கிக் குடித்துவிட்டு மேலே போவார்கள். மற்ற இடங்களில் வெல்லமும் பட்டையும் சேர்ப்பார்கள். வெறும் மாவாக வாயில் போட்டால் மேலண்ணத்தில் அப்பிக்கொள்ளும். பினோலே தின்றுகொண்டே சீட்டியடிக்க முடியாது என்று மெக்சிகோவில் ஒரு பழமொழியே உண்டு. நிகராகுவாவில் இதோடு கொக்கோவும் அரைத்துச் சேர்த்தால் பினோலியோ. அதைத் திருவோட்டுக்காய் ஓட்டில் ஊற்றிக் குடிப்பார்கள். அந்த நாட்டுக்காரர்கள் தங்களையே ‘பினோலேரோ’ என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள்.

கோஃபியோவின் கதை வேறு. அது முதலில் மக்காச்சோள மாவே அல்ல. தீவுகளின் பூர்வகுடிகள் வாற்கோதுமையை வறுத்து அரைத்தார்கள். 1496இல் ஸ்பானியர்கள் தீவுகள் முழுவதையும் பிடித்து முடித்தார்கள். அமெரிக்காவிலிருந்து மக்காச்சோளம் வந்து சேர்ந்தது அதற்குப் பிறகுதான். இன்று கோதுமை, கொண்டைக்கடலை கலந்தும் கிடைக்கிறது. 2014இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் குறியீடும் பெற்றது.

காலையில் பாலில் கரைத்துக் குடிப்பார்கள். மதியம் அதே மாவில் கொதிக்கும் மீன்சாற்றை ஊற்றிக் களியாகக் கிண்டுவார்கள். கரண்டிக்குப் பதில் பச்சை வெங்காய இதழாலேயே அள்ளி, வெங்காயத்தோடு சேர்த்துக் கடிப்பார்கள். மாவின் கருகல் வாசனைக்கு அந்தக் காரம் அவ்வளவு பொருத்தம்!

இரண்டுக்கும் ஒரு குறை உண்டு. டொர்டியா என்ற மெக்சிகோ ரொட்டிக்குச் செய்வதுபோல் இந்தச் சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேக வைப்பதில்லை. அதனால் சோளத்தில் இருக்கும் நியாசின் என்ற வைட்டமின் உடலுக்குச் சரியாகச் சேராது. இந்த மாவையே முழுச் சாப்பாடாக நம்பக்கூடாது. பயறோ பாலோ மீனோ கூட இருக்க வேண்டும்.

சரி, எதை வாங்கலாம்? குடிக்க மட்டும் என்றால், கொக்கோ சேர்ந்த பினோலியோவை மிஞ்ச எதுவும் இல்லை. ஆனால் வீட்டில் ஒரே பொட்டலம்தான் இருக்கப்போகிறது என்றால் நான் கோஃபியோவைத்தான் சொல்வேன். இனிப்பு சேர்த்து விற்கும் பினோலேயில் மீன்சாறு ஊற்ற முடியாது. சர்க்கரை சேராத கோஃபியோவில் வெல்லமும் போடலாம், உப்பும் போடலாம்.